கண்மலரும் கதிர்ப்படமும்



கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூலவரின் திருமேனி கருங்கல். பின்சுவரும் இருள். அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டினாலும் மண்டபத்தின் கடைசி வரிசையில் நிற்கும் மூதாட்டிக்குத் திருமுகம் துலங்குவதில்லை. ஆனால் வெள்ளியாலான கண்மலர் சாத்தப்பட்டிருந்தால், அதே தீபம், அதே தொலைவு, அதே மங்கிய பார்வை; ஆயினும் பெருமான் தம்மை நோக்குவது அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒளியை யாரும் கூட்டவில்லை. ஒளியை வேறுவிதமாக நடத்தும் ஒரு சிறு உலோகத் தகடு உரிய இடத்தில் அமர்ந்திருக்கிறது, அவ்வளவே.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும்போது கை நரம்பில் ஏற்றப்படும் மருந்தின் வேலையும் இதுதான். மருத்துவர்கள் அதனைக் 'காண்ட்ராஸ்ட்' என்பர். நம்மவர் 'டை போட்டு எடுத்தார்கள்' என்பர். உண்மையில் அது உடம்பில் எதற்கும் சாயம் பூசுவதில்லை. விளக்கைத் துலக்கினால் பித்தளை பளிச்சிடுவது போல, படத்தில் ஓர் உறுப்பை மற்றதினின்றும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே இக்கட்டுரையில் அதனைத் துலக்கு மருந்து என்றே அழைப்போம். இரும்பு, தங்கம் முதலிய உலோகங்களைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக்கி, அவற்றையே துலக்கு மருந்தாகப் பயன்படுத்திப் புற்றுநோயைக் கண்டறியும் முயற்சி கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அது எங்கு வந்து நிற்கிறது, நமக்கு அதனால் என்ன என்பதே பொருள்.

கோயில் மலரில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கை, பதிவான நோயாளிகளில் 63.7 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டனர் என்று கூறுகிறது. அதற்கு முந்திய ஐந்தாண்டு அறிக்கையோ, இந்நாட்டு இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 24 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகும் நிலையில் இருப்பதாகக் கணக்கிட்டது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எந்தத் திருமண மண்டபத்திலும் கூடியிருக்கும் பெண்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் பாரம் விளங்கும். நோயைக் காண்பதிலேயே நாம் பிந்திவிடுகிறோம். காணும் கருவியைப் பற்றி நாலு செய்தி அறிந்திருப்பது பிழையாகாது.

பழைய துலக்கு மருந்துகள்

எக்ஸ்-ரே கதிர் உடம்பை ஊடுருவிச் செல்லும்போது எலும்பு அதனைத் தடுக்கிறது; தசையும் குருதியும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எனவே எலும்பு வெள்ளையாகவும் மற்றவை சாம்பல் நிறமாகவும் படத்தில் விழுகின்றன. தொல்லை எங்கே என்றால், கல்லீரலும் சாம்பல், அதனுள் வளரும் கட்டியும் சாம்பல். பனிமூட்டத்தில் கொக்கைத் தேடும் கதைதான்.

இதற்காக மருத்துவர்கள் முதலில் நாடியது கனமான அணுக்களை. குடலைப் படமெடுக்க பேரியம் கலந்த கஞ்சியைக் குடிக்கச் செய்தனர். குருதி நாளங்களையும் கட்டிகளையும் காண அயோடின் கலந்த மருந்தை ஊசி வழி ஏற்றினர், இன்றும் சி.டி. ஸ்கேனில் அதுவே பெருவழக்கு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எக்ஸ்-ரேயைப் பயன்படுத்துவதில்லை. வலிமை மிக்க காந்தத்திற்குள் நம்மைப் படுக்க வைத்து, உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் மெல்லிய ரேடியோ அலையைக் கேட்டுப் படம் வரைகிறது. அதற்குக் கடோலினியம் என்னும் உலோகம் துலக்கு மருந்தாயிற்று. தனித்துவிட்டால் நஞ்சான அவ்வுலோகத்தை ஒரு வேதிக் கூண்டுக்குள் அடைத்து ஏற்றுகிறார்கள்.

இவை நல்ல மருந்துகள். கோடிக்கணக்கானோருக்கு உதவியவை. ஆயினும் இரண்டு குறைகள். முதலாவது, இவற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. சில நிமிடங்களிலேயே நாளங்களை விட்டுக் கசிந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறத் தொடங்கிவிடும். கட்டியைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும் குணம் இவற்றுக்கு இல்லை. இரண்டாவது, சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இவற்றைக் கொடுக்க மருத்துவர் தயங்குவார். கடோலினியத்தின் பழைய வகைகள் சிலவற்றால், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோல் இறுகிப்போகும் கொடிய நோய் வருவது 2006ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அதன்பின் அவ்வகைகள் கட்டுப்படுத்தப்பட்டன.

இந்த இரண்டாவது குறை நம் சமூகத்திற்கு அயலான செய்தியன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களுள் வயது வந்தோரில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினரிடம் நீரிழிவு காணப்பட்டது. எல்லா இனத்தவரையும் சேர்த்த சராசரி 18.3 தான். நீரிழிவு நீண்ட நாள் இருந்தால் சிறுநீரகம் அடிபடக்கூடும். புற்றுநோய் என்று ஐயுற்று ஸ்கேனுக்குப் போகும் நம்மவரில் பலர் ஏற்கெனவே சர்க்கரைக்காரர்கள்.

நானோ என்னும் அளவு

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் குருதியின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் அகலம். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகளை நானோ துகள் என்பது வழக்கம். அந்த அளவுக்கு இறங்கியதும் உலோகத்தின் குணமே மாறுகிறது. தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. நீரில் மிதக்கும் தங்க நுண்துகள் மாணிக்கச் சிவப்பு. இலண்டனில் மைக்கேல் ஃபாரடே 1857ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து விளக்கினார்.

இதை யாரும் கண்டதில்லை என்று எண்ண வேண்டாம். 2021இல் நம் வீடுகளில் எல்லாம் மூக்கில் குச்சி விட்டுக் கோவிட் சோதனை செய்துகொண்டோமே, அந்தச் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றிய சிவப்புக் கோடு தங்க நுண்துகளால் ஆனதுதான். கர்ப்பச் சோதனைக் குச்சியிலும் அதுவே. சாதாரண மருந்துக்கடையில் வாங்கிய ஒரு பொருளுக்குள் இவ்வளவு தங்கம் கிடந்ததை நாம் கவனிக்கவில்லை.

இத்தகைய துகள் கட்டிக்குள் போய்த் தங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 1986ஆம் ஆண்டில் ஜப்பானின் குமமோட்டோவில் மட்சுமுரா, மயேடா என்ற இரு ஆய்வாளர்கள் அதனை எடுத்துரைத்தனர். புற்றுக்கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் குருதி நாளங்கள் ஓட்டையும் இடுக்குமாக அமைகின்றன. ஒப்பந்தக்காரர் அவசரத்தில் கட்டிய அடுக்குமாடியின் குழாய்களைப் போல. நல்ல நாளத்தில் வழியின்றித் திரும்பும் துகள், கட்டியின் நாளத்தில் கசிந்து உள்ளே போய்விடும். அங்கே வடிகால் சரியில்லாததால் தேங்கியும் விடும். கேட்பதற்கு அழகான கொள்கை. எலிகளில் நன்றாகவே காணப்பட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டில் கனடாவின் டொரோண்டோ நகர ஆய்வுக் குழு, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊசி வழி செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பாக 0.7 விழுக்காடே என்று கண்டது. மிச்சம் பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்கிறது. 'நானோ மருந்து குறி தவறாமல் புற்றைத் தாக்கும்' என்று கைத்தாள்களில் படிக்கும்போது இந்த 0.7ஐ நினைவில் கொள்வது நலம்.

இரும்பின் கதை

உலோக நுண்துகள்களில் மனிதருக்கு உண்மையாகவே பயன்பட்டது முதலில் இரும்புதான். கல்லீரலுக்குள் குருதியைச் சுத்தம் செய்யும் துப்புரவு உயிரணுக்கள் உள்ளன. குப்ஃபர் உயிரணுக்கள் என்பது பெயர். அது ஒரு ஜெர்மானிய உடற்கூற்று அறிஞரின் பெயர். நம் குப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை, என்றாலும் வேலை அதுவேதான். குருதியில் அந்நியத் துகள் எது வந்தாலும் இவை விழுங்கிவிடும். இரும்பு ஆக்சைடு துகளை ஏற்றினால் நல்ல கல்லீரல் முழுவதும் அதனை விழுங்கி, எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துப் போகும். புற்றுக்கட்டியில் துப்புரவாளர் இல்லை. ஆகவே அது கறுக்காமல் வெள்ளையாகவே நிற்கும். நோயைக் காட்ட மருந்து நோயிடம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆரோக்கியமான பகுதியெல்லாம் வாங்கிக்கொண்டது. வாங்காத இடம் காட்டிக்கொடுத்தது. இம்முறையில் அமைந்த ஃபெரிடெக்ஸ் என்னும் மருந்துக்கு 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விற்பனை போதாமல் 2008 அளவில் அதன் தயாரிப்பு நின்றுபோனது. நல்ல மருந்து சந்தையில் தோற்பது புதிதன்று.

அதைவிடப் பெரிய நம்பிக்கையைத் தந்தது நிணநீர்க் கணுக்களின் ஆய்வு. புற்றுநோய் தான் பிறந்த இடத்தை விட்டுப் புறப்பட்டால் பெரும்பாலும் முதலில் தங்கும் சத்திரம் இக்கணுக்கள். அங்கே நோய் சேர்ந்துவிட்டதா என்பதைப் பொறுத்தே அறுவையின் அளவும் மருந்தின் அளவும் தீர்மானமாகின்றன. சாதாரண ஸ்கேனில் கணுவின் பருமனை மட்டுமே பார்க்க முடியும். வீங்கியிருந்தால் ஐயம், சிறிதாக இருந்தால் நிம்மதி. சிறிய கணுவுக்குள்ளும் புற்று இருக்கலாம் என்பதே இடர்ப்பாடு. 2003ஆம் ஆண்டில், பாஸ்டனிலும் நெதர்லாந்தின் நைமேகனிலும் புரோஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேருக்கு இரும்பு நுண்துகளை ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தனர். பின்னர் கணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்ததில் 33 பேருக்கு நோய் பரவியிருந்தது. கணு கணுவாக ஒப்பிட்டபோது, நோயுற்ற கணுக்களில் வழக்கமான எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது 35.4 விழுக்காடு, இரும்புத் துகளுடன் 90.5 விழுக்காடு.

இப்படியொரு பலனைக் கண்டபின் மருந்து உலகெங்கும் பரவியிருக்க வேண்டும் அல்லவா? பரவவில்லை. 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, எல்லா வகைப் புற்றுநோய்க்கும் அனுமதி கேட்டதற்குச் சான்று போதாது என்று மறுத்தது. நிறுவனம் பின்வாங்கியது. பின்னாளில் நைமேகன் மருத்துவர்கள் அம்மருந்தை மீண்டும் தயாரிக்கச் செய்து ஆய்வைத் தொடர்ந்தனர். ஒரு வழக்கைப் போல இழுத்துக்கொண்டே போகிறது.

மார்பகப் புற்றுநோயில் மட்டும் இரும்புத் துகள் ஓரளவு நிலைத்த இடம் பெற்றுள்ளது. முன்பெல்லாம் மார்பில் கட்டி என்றால் அக்குளில் உள்ள கணுக்களையும் வழித்தெடுத்துவிடுவார்கள். அதன் விளைவை அனுபவித்த பெண்களுக்குத்தான் தெரியும். கை யானைக்கால் போல வீங்கி, குடம் தூக்கவும் மாவு பிசையவும் முடியாமல் போகும். இப்போது, கட்டியிலிருந்து நிணநீர் முதலில் வடியும் ஓரிரு கணுக்களை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இந்த 'வாயிற்காவல்' கணுவைக் கண்டுபிடிக்க நீலச் சாயமும், டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளும் வழக்கத்தில் உள்ளன. டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. ஆகவே அணு மருத்துவப் பிரிவு அருகில் இருக்க வேண்டும். அறுவை நேரம் தள்ளிப்போகக் கூடாது. இரும்புத் துகளுக்கு அந்த அவசரம் இல்லை. சில நாள் முன்னதாகவே செலுத்திவிட்டு, அறுவையின்போது காந்த உணர்கருவியால் தடவிக் கண்டுபிடிக்கலாம். மேக்ட்ரேஸ் என்னும் இவ்வகை மருந்துக்கு 2018ஆம் ஆண்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அணு மருத்துவ வசதி பெருநகரத்தில் மட்டும் உள்ள நாடுகளுக்கு இது மிகவும் ஏற்றது என்பது என் கருத்து.

சிறுநீரக நோயாளிகளைப் பற்றி முன்பு சொன்னேன். ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு நுண்துகள் மருந்து, 2009இல் அவர்களுடைய குருதிச் சோகையைப் போக்கவே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. துகள் இரும்பாயிற்றே, எம்.ஆர்.ஐ.யிலும் காட்டுமே என்று, கடோலினியம் ஒவ்வாதவர்களுக்கு அதையே துலக்கு மருந்தாகச் சில மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன. உடம்பு கடைசியில் அந்த இரும்பைக் குருதியாக்கிக் கொள்கிறது. இதுவும் முற்றும் தீங்கற்றதல்ல. சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதால் 2015இல் அமெரிக்க நிர்வாகம் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

தங்கம்

தங்கம் என்றால் நம்மவர் காது நிமிரும். எக்ஸ்-ரேயைத் தடுப்பதில் தங்கம் அயோடினை விஞ்சியது. அயோடினின் அணு எண் 53, தங்கத்தின் அணு எண் 79. சி.டி. ஸ்கேனில் பயன்படும் கதிரின் ஒரு பகுதியில் கிராமுக்குக் கிராம் ஏறத்தாழ 2.7 மடங்கு தடுக்கும் ஆற்றல் உண்டு. துருப்பிடிக்காது, உடம்பின் நீர்களோடு எளிதில் வினைபுரியாது.

இந்நாட்டு மருத்துவர்களுக்குத் தங்கம் எக்ஸ்-ரேயில் எப்படித் தெரியும் என்பது வேறொரு வழியிலும் பழக்கம். மலாய் மக்களிடையே பழைய நாளில் 'சூசுக்' என்ற வழக்கம் இருந்தது. அழகும் வசீகரமும் வேண்டி, பொன்னூசிகளை முகத்தின் தோலுக்கடியில் செருகிக்கொள்வர். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பல் வலிக்கு எக்ஸ்-ரே எடுக்கும்போது தாடையருகே பளிச்சென்ற வெண்கோடுகளாக அவை தோன்றிவிடும். மலேசிய, சிங்கப்பூர்ப் பல் மருத்துவர்கள் இதை ஏடுகளில் எழுதியே இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹைன்ஃபெல்டும் அவர் குழுவினரும் 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை எலிகளுக்கு ஏற்றினர். 2004இல் அது கதிர்வீச்சுச் சிகிச்சையின் வலிமையைப் பெருக்குவதாகவும், 2006இல் எக்ஸ்-ரே படத்தில் கட்டியையும் நுண்ணிய நாளங்களையும் தெளிவாகக் காட்டுவதாகவும் எழுதினர். அடுத்த ஆண்டே, மிசூரி பல்கலைக்கழகத்தில் கட்டேஷ் கட்டி, ரகுராமன் கண்ணன் முதலிய இந்திய வம்சாவளி அறிஞர்களின் குழு ஓர் அருமையான வேலை செய்தது. தங்கத் துகள் குருதியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் இருக்க ஒரு மேற்பூச்சு வேண்டும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, நம் கருவேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் பிசின். மிட்டாயிலும் பானத்திலும் சேரும் அதே பிசின். அவ்வாறு பூசிய தங்கத்தைப் பன்றிக் குட்டிகளுக்குச் செலுத்தி, அது எந்த உறுப்பில் தங்குகிறது, ஸ்கேனில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தனர். பின்னர் தேயிலைச் சாற்றைக் கொண்டும் தங்கத் துகள் செய்து காட்டினர்.

அப்படியானால் இன்று மருத்துவமனையில் தங்க ஊசி போட்டு ஏன் ஸ்கேன் எடுப்பதில்லை? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2004ஆம் ஆண்டின் எலி ஆய்வில் கொடுத்த உச்ச அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 2.7 கிராம் தங்கம். அதை அப்படியே 60 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்குக் கணக்கிட்டால் 162 கிராம். அதாவது இருபது பவுனுக்குச் சற்று மேல். ஒரு மகளின் கல்யாண நகையை ஒரு ஸ்கேனுக்குக் கரைத்து ஏற்ற வேண்டும்! எலிக்குரிய அளவை மனிதருக்கு நேராகப் பெருக்குவது மருத்துவ முறையன்று என்பது உண்மையே, ஆயினும் சி.டி. ஸ்கேனில் தெரிவதற்குத் துலக்கு மருந்து கிராம் கணக்கில் வேண்டும் என்பது மாறாது. செலவைவிடப் பெரிய கேள்வி, போன தங்கம் வெளியே வருமா என்பது. ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி அனுப்பிவிடும். பெரியதானால் கல்லீரலில் நெடுநாள் குடியிருக்கும். படம் எடுப்பதற்கென்று அங்கே ஓர் உலோகத்தைக் குடிவைக்க மருத்துவர் எளிதில் இசைய மாட்டார்.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. 1930 முதல் 1950களின் நடுப்பகுதி வரை, தோரோட்ராஸ்ட் என்னும் துலக்கு மருந்து பல நாடுகளில் புழங்கியது. தோரியம் என்ற கன உலோகத்தின் ஆக்சைடு நுண்துகள்தான் அது. நானோ என்ற சொல் வழக்கத்துக்கு வராத காலத்து நானோ துகள் என்று சொல்லலாம். படம் மிகத் தெளிவாக விழுந்தது, நோயாளிக்கு உடனடியாக எந்தத் துன்பமும் இல்லை, மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் தோரியம் கதிரியக்கம் உடையது. கல்லீரலில் போய்ச் சேர்ந்த துகள் ஆயுள் முழுதும் வெளியேறவில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, அவ்வாறு படம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரத் தொடங்கியது. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் முதலிய நாடுகள் அவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து கணக்கெடுத்தன. தங்கத்துக்கும் இரும்புக்கும் அந்தக் கதிரியக்கம் இல்லை. எனினும் புதிய துகள் எதுவாயினும் 'உள்ளே போனது எப்போது, எவ்வழியாக வெளியே வரும்' என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்பதன் காரணம் இதுவே. அனுமதி தாமதமாகிறது என்று நாம் சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இந்த நோயாளிகளை எண்ணிப் பார்க்கலாம்.

காட்டுவதும் தாக்குவதும் ஒரே துகளாக இருக்கட்டும் என்பது இப்போதைய போக்கு. பிரான்சில் கடோலினியத்தால் செய்த, 5 நானோமீட்டருக்கும் குறைந்த துகளை மூளைக்குப் பரவிய புற்றுநோயாளிகள் 15 பேருக்குச் செலுத்தி, எம்.ஆர்.ஐ.யில் கட்டியைக் கண்டு அதே துகளின் துணையுடன் கதிர்வீச்சும் கொடுத்த முதற்கட்ட ஆய்வு 2020இல் வெளியாயிற்று. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இம்முயற்சி இல்லாமல் இல்லை. செர்டாங் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் முகமட் ஸோபிர் ஹுசேன் முதலானோர் கொண்ட குழு, கடோலினியம் கலந்த அடுக்குப் பொருளில் புற்றெதிர்ப்புச் சேர்மத்தையும் தங்க நுண்துகளையும் சேர்த்து, எம்.ஆர்.ஐ.யில் துலக்கும் ஆற்றலைச் சோதித்து 2018ஆம் ஆண்டளவில் கட்டுரைகள் வெளியிட்டது. இவை ஆய்வுக்கூட நிலையில் உள்ளவை. நோயாளிக்கு ஊசியாக வருவதற்கு இடையே நெடும் பயணம் இருக்கிறது.

சித்தர் மருந்தும் சீசா மருந்தும்

இத்தலைப்பில் பேசும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்று: 'தங்க பற்பம் நம் சித்தர்கள் செய்ததுதானே, இவர்கள் என்ன புதிதாகக் கண்டுவிட்டார்கள்?' 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இந்திய மருத்துவத்தின் சுவர்ண பஸ்மத்தைச் சோதித்து, அதில் ஏறத்தாழ 57 நானோமீட்டர் அளவுள்ள தங்க மணிகள் இருப்பதைக் கண்டது. பெருமைக்குரிய செய்தியே. புடம் போட்டுப் போட்டு உலோகத்தை அந்த அளவுக்கு இறக்கிய கைத்திறனை வணங்கத்தான் வேண்டும். ஆனால் உண்ணும் பற்பம் வேறு, குருதியில் ஏற்றிப் படமெடுக்கும் துகள் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த சான்று மற்றதற்குச் சான்றாகாது. மேடையில் கைத்தட்டலுக்காக இரண்டையும் ஒன்றாக்குவது சித்தர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை ஆகாது. மரபு மருத்துவத்தைச் சட்டப்படி முறைப்படுத்த 2016ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பற்பமோ செந்தூரமோ உண்பவர்கள் உரிய மருத்துவரிடம் பெற்று உண்ணட்டும். ஸ்கேன் எடுக்கும் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லட்டும்.

வீடு தேடி வரும் 'நானோ தங்க நீர்', 'நானோ வெள்ளி நீர்' சீசாக்களின் கதை வேறு. புற்றுநோயைக் கரைக்கும் என்று உறவினரே கொண்டுவந்து தருகிறார், மறுக்கவும் முடியவில்லை. வெள்ளி நீரைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நீலச்சாம்பல் நிறமாகி, பின் மாறாமலே போனது மருத்துவ ஏடுகளில் நெடுங்காலமாகப் பதிவான செய்தி. அதைவிடப் பெரிய இழப்பு, சீசா தீரும்வரை மருத்துவமனைக்குப் போகாமல் கழிந்த மாதங்கள்.

கவுண்டரில் சொல்ல வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்களுக்கு, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிறுத்தத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் செல்லும் நிலையம் வந்துவிடும். கிள்ளானில் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2013 முதல் இயங்குகிறது. இங்கெல்லாம் தேவை அயோடினும் கடோலினியமும்தான்; 'நானோ ஸ்கேன்' தேடி வெளிநாடு போக வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. வாய்ப்புற்று நம் தோட்டப்புறத் தாய்மார்களிடையே வெற்றிலை பாக்கு புகையிலையால் மிகுந்திருந்த நோய். அதைக் காண முதலில் ஸ்கேனே வேண்டாம். ஒரு டார்ச் விளக்கும், வாயைத் திறந்து காட்டும் மனமும் போதும். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மம்மோகிராம் எடுக்கப் போகும் அம்மாமார்களுக்கு ஒரு சொல். அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், நறுமணப் பூச்சு எதுவும் வேண்டாம். அவற்றிலுள்ள அலுமினியமும் தாதுப் பொடியும் படத்தில் வெண்புள்ளிகளாகத் தோன்றி, புற்றுநோயின் சுண்ணாம்புப் புள்ளிகளோ என்று மருத்துவரை மயங்கச் செய்யும். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வருபவர்கள், மார்பில் பட்ட திருநீற்றையும் சந்தனத்தையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். இதுவும் ஒருவகைத் துலக்கு மருந்துதான், வேண்டாத இடத்தில்.

தாலி பற்றியும் சொல்லியாக வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்வார்களே என்று அஞ்சியே படத்தைத் தள்ளிப்போடும் பெண்கள் இருக்கிறார்கள். பொன் எக்ஸ்-ரேயை முழுதும் மறைப்பது. எம்.ஆர்.ஐ.யில் பொன்னைக் காந்தம் இழுக்காது என்றாலும், சங்கிலியின் கொக்கியில் எஃகு இருக்கலாம். உலோகம் சூடேறவும் கூடும். எனவே கழற்றத்தான் வேண்டும். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்து அணிந்துகொண்டு, பொன் தாலியை வீட்டுப் பூசையறையில் வைத்துவிட்டுப் போவது நம் பாட்டிமார் காலத்திலிருந்தே உள்ள வழிதான். கயிறு படமெடுக்கும் இடத்தில் குறுக்கிட்டால் பின்புறம் தள்ளிவிடலாம்.

நீரிழிவுக்காரர்கள், ஸ்கேனுக்கு முன் சிறுநீரகக் குருதிச் சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை உண்பதைச் சொல்லுங்கள்; நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். முன்பு எப்போதாவது துலக்கு மருந்தால் அரிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் குருதிச் சோகைக்கு இரும்பு ஊசி போட்டுக்கொள்பவர்களும், எந்த ஊசி, எந்தத் தேதியில் என்பதை ஒரு தாளில் எழுதி எம்.ஆர்.ஐ. அறையில் கொடுத்துவிடுங்கள். ஃபெருமாக்சிட்டால் போன்ற இரும்பு மருந்து மூன்று மாதம் வரைக்கும் படத்தை மாற்றிக் காட்டக்கூடியது.